ஏற்றி வைத்தவனுக்கு இறக்கப் பாத்தியமில்லையா?

ஓசூர் ராயக்கோட்டை ரஸ்தாவில் உள்ள உத்தனப்பள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகின்ற வாலிபர்களில் அநேகர் காண்டிராக்ட் கூலிகளேயாவார்கள். அவர்களில் ஒருவன் மேல்ஆளுக்குப் பிடிக்காமல் போய்விட்டால், "நாளை முதல் வர வேண்டாம்" என்கின்ற ஒரே வார்த்தையோடு அவன் பிழைப்பு முடிந்து போகின்றது. காரணம் சொல்லுவாரில்லை. கேட்டால் கேட்டவனுக்கும் அதே கதிதான். ஆனால் அந்த வாலிபன் தன் ஊரில் ஓட்டுப் போட்டு ஒருவரைப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டாக ஏற்றி வைத்த பிறகு, அந்தப் பிரசிடெண்டு குழாயில் தண்ணீர் விடாமலிருந்தாலும், தெரு விளக்குச் சாமானுக்கு ஒன்றுக்கு இரண்டாக விலை எழுதினாலும், ஏரி மண்ணை லாரி லாரியாய் விற்றாலும், ஐந்து வருஷ காலத்துக்கு அவரைப் பார்த்து "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது. அதாவது எஜமானன் கூலியாளை ஒரு நிமிஷத்தில் நீக்கிவிடலாம். ஓட்டர் எஜமானனாக இருக்கின்ற இடத்தில் மாத்திரம் வேலைக்காரனை நீக்கக் கூடாது. இதற்கு ஜனநாயகம் என்று பேர் வைத்திருக்கின்றார்கள். இதில் ஜனம் எங்கே, நாயகம் எங்கே என்று கேட்கின்றோம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லி வந்த உபதேசம் "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்பதாகும். தாலி ஏறிவிட்டால் ஏறினதுதான். அவன் குடிகாரனானாலும் கொலைகாரனானாலும் அவள் தலையெழுத்து என்றார்கள். அந்த அக்கிரமத்துக்கே 1955ம் வருஷத்துச் சட்டம் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, சேர்ந்து வாழ முடியாதவர்கள் கோர்ட்டுக்குப் போய் விலகிக் கொள்ளலாம் என்றாகி எழுபது வருஷமாகின்றது. ஓட்டர்களுக்கு மாத்திரம் இன்னும் பழைய உபதேசமே நடக்கின்றது. கல்லானாலும் பிரசிடெண்டு, புல்லானாலும் சேர்மன்! ஐந்து வருஷம் அனுபவித்தே தீர வேண்டும் என்கின்றார்கள். நம் ஜனங்களும் அதை ஏதோ கிரக தோஷத்தைப் போல எண்ணிக்கொண்டு, "போகட்டும், இன்னும் இரண்டு வருஷம்தானே" என்று விரல் விட்டு எண்ணுகின்றார்கள். ஏழரை நாட்டுச் சனிக்காவது எள் விளக்குப் போட்டால் தீரும் என்று ஏமாற்றுவதற்கு ஒருவன் இருக்கின்றான். இந்த ஐந்து வருஷச் சனிக்கு அப்படி ஏமாற்றுவாரும் இல்லை.

இனி நம் ராஜ்யத்துச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். கிராமப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டை ஊர் ஜனங்கள் நேரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கின்றார்கள். அவரை நீக்குவதற்கு 1994ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205வது பிரிவு என்று ஒன்று இருக்கின்றது. அப்பிரிவின்படி பஞ்சாயத்து மெம்பர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் குற்றச்சாட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கலெக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அல்லது கலெக்டர் தாமாகவே மனமிரங்க வேண்டும். பிறகு பிரசிடெண்டிடம் சமாதானம் கேட்டு, அது திருப்தியில்லை என்று கலெக்டருக்குத் தோன்றினால் தாசில்தார் வந்து மெம்பர்களைக் கூட்டி அபிப்பிராயம் அறிந்து, கடைசியாகக் கலெக்டர் உத்தரவு போடுவார். இவ்வளவு பெரிய காரியத்தில் ஓட்டுப் போட்ட ஜனங்களுடைய பேர் எங்காவது ஓரிடத்தில் வருகின்றதா? வருகின்றதில்லை. ஏற்றினவர்கள் ஆயிரக்கணக்கான ஜனங்கள். இறக்குகின்றவர் ஒரே ஒரு உத்தியோகஸ்தர். கலெக்டர் நல்லவராகவே இருக்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. நல்ல கலெக்டர் வருவதும் கெட்ட கலெக்டர் வருவதும் நம் கையில் இல்லையே என்பதுதான் நம் கவலை.

பட்டணங்களின் யோக்கியதை இதைவிட மோசமானது. 1996லும் 2001லும் 2011லும் மேயரையும் சேர்மனையும் ஜனங்கள் நேரில் தேர்ந்தெடுத்தார்கள். 2006ல் அந்தப் பாத்தியம் பறிக்கப்பட்டது. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மறுபடியும் பறிக்கப்பட்டு, 2022ல் கவுன்சிலர்களே தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள். கவுன்சிலர்கள் ஏற்றுவார்கள், கவுன்சிலர்களே இறக்குவார்கள். ஊரார் வேடிக்கை பார்க்க வேண்டியது.

அந்த வேடிக்கையும் எப்படிப்பட்டது? 2024 ஜனவரியில் திருநெல்வேலி மேயர் மீது அவர் கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கூட்டம் போட்ட அன்று எழுதிக் கொடுத்தவர்களைக் காணோம், தீர்மானம் விழுந்தது. சரி, நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது போலும் என்று ஊரார் நினைத்துக் கொண்டிருக்கையில், அதே வருஷம் ஜூலை மாதத்தில் அம்மேயர் ராஜினாமா செய்தார். கோயமுத்தூர் மேயரும் அப்போதே ராஜினாமா செய்தார். ஜனவரியில் எங்கிருந்து நம்பிக்கை வந்தது, ஜூலையில் எங்கே போயிற்று என்பதை ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு யாராவது சொன்னார்களா? அதே ஜூலை மாதக் கடைசியில் காஞ்சிபுரம் மேயர் மீதும் இப்படியே ஒரு தீர்மானம் வந்து, மெம்பர்கள் கூட்டத்துக்கு வராததாலேயே அது மாண்டு போயிற்று. 2025ல் சங்கரன்கோவில் நகராட்சியில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த தலைவரை அக்கட்சி மெம்பர்களும் சேர்ந்தே இறக்கினார்கள். இவற்றில் எந்தத் தலைவர் நல்லவர், எவர் கெட்டவர் என்கின்ற விவகாரத்தில் நாம் புகவில்லை. நாம் கேட்பதெல்லாம், ஊர்க் குப்பையை நாற்றம் பிடிக்கின்றவன் ஊரான். தண்ணீர் வராமல் குடத்தோடு நிற்கின்றவள் ஊராள். அப்படியிருக்க இறக்குவதா வேண்டாமா என்கின்ற பேரம் மாத்திரம் எங்கோ ஒரு விடுதி அறையில் ஏன் நடக்க வேண்டும் என்பதுதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று பேச்சு வந்தாலே மெம்பர்களுக்குச் சுற்றுலாப் பிரயாணம் ஏற்படுவது ஊரறிந்த ரகசியமல்லவா?

இது ஒருபுறமிருக்க, இறக்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முதலில் ஒருவன் ஏறியிருக்க வேண்டுமே! 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்த பிறகு, பெரும்பாலான கிராமங்களுக்கு 2019 டிசம்பர் வரையிலும், பட்டணங்களுக்கு 2022 பிப்ரவரி வரையிலும் எலக்ஷனே நடக்கவில்லை. தனி அதிகாரி என்கின்றவர் ராஜ்யபாரம் செய்தார். மறுபடியும் கிருஷ்ணகிரி உள்ளிட்ட 28 ஜில்லாக்களில் 2025 ஜனவரி 5ந் தேதியோடு பிரசிடெண்டுகளின் காலம் முடிந்து, அவ்வருஷம் முழுவதும் தனி அதிகாரியே பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட பிரசிடெண்டு என்றால் ஐந்தாவது வருஷத்திலாவது ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருவான். தனி அதிகாரி எந்த வாசலுக்கு வருவார்?

நிற்க, பிரதிநிதியைத் திருப்பி அழைக்கும் பாத்தியம் என்பது ஏதோ நாம் புதிதாகக் கண்டுபிடித்த அதிசயமல்ல. 1925 ஜனவரியில் வடநாட்டுப் புரட்சி வாலிபர்கள் சசீந்திரநாத் சன்யாலைக் கொண்டு எழுதி ஊரெங்கும் இரகசியமாகப் பரப்பிய பிரசுரத்திலேயே, தாங்கள் அமைக்கப் போகும் குடியரசில் ஓட்டர்களுக்கு இந்தப் பாத்தியம் உண்டு என்று சொல்லியிருக்கின்றார்கள். 1944ல் எம். என். ராய் எழுதிய சுதந்திர இந்திய அரசியலமைப்பு நகலிலும் அது இருந்தது. 1950ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் மாத்திரம் இல்லை. 1974ல் ஜெயப்பிரகாசர் பீகாரில் அதைக் கேட்டுப் பெரிய கிளர்ச்சி செய்தார். அதே வருஷத்தில் சி. கே. சந்திரப்பன் பார்லிமெண்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார். வாஜ்பாயி கூட ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. தோற்காமல் என்ன செய்யும்? கோழியைக் குழம்பு வைப்பதா வேண்டாமா என்று கோழிகளிடமே ஓட்டெடுத்தால் எந்தக் கோழி கை தூக்கும்?

ஆனால் நகராட்சி மட்டத்தில் நம் நாட்டிலேயே இது நடந்திருக்கின்றது. மத்தியப் பிரதேசத்தில் 1999ல் நகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, 47வது பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கவுன்சிலர்களில் நாலில் மூன்று பங்குப் பேர் கையெழுத்திட்டால் கலெக்டர் அதைப் பரிசீலித்து மேலே அனுப்புவார். ஆனால் அதோடு தலைவர் போய்விடமாட்டார். ஊர் ஜனங்கள் எல்லாம் மறுபடியும் ஓட்டுச் சாவடிக்கு வந்து இரகசிய ஓட்டுப் போட வேண்டும். தலைவருக்கு முதல் இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். ஒரு காலத்துக்குள் ஒரே தடவைதான் இதைச் செய்யலாம். ஓட்டுச் சீட்டில் இரண்டு படங்கள்: ஒன்று ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, மற்றொன்று காலி நாற்காலி. இருக்கட்டும் என்கின்றவர்கள் முன்னதற்கும், போகட்டும் என்கின்றவர்கள் பின்னதற்கும் போட வேண்டியது. எழுத்து வாசனையே இல்லாத கிழவிக்கும் இது விளங்குமா இல்லையா? நமக்குத் தெரிந்தவரை அரசாங்கத்தார் அச்சடித்த படங்களில் இவ்வளவு புத்திசாலித்தனமான படம் வேறொன்றில்லை.

அனூப்பூர் நகராட்சித் தலைவி இச்சட்டத்தின் கீழ் முதன் முதல் இறக்கப்பட்டார். (முதலில் இறங்கினவர் ஒரு பெண் என்பதைத் தோழர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளட்டும், பின்னால் அதற்கு வருவோம்.) அதே ராஜ்யத்திலிருந்து பிரிந்த சத்தீஸ்கரில் 2008 ஜூன் மாதத்தில் நவாகட், குண்டர்தேஹி, ராஜ்பூர் என்ற மூன்று சிறு பட்டணங்களில் காலி நாற்காலி ஜெயித்தது. மூன்று தலைவர்களும் வீட்டுக்குப் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. பட்டணங்கள் பாழாய்ப் போகவில்லை. வேறு மூன்று பேர் வந்தார்கள். இராஜஸ்தானத்தில் 2012ல் மாங்ரோல் என்ற ஊரில் இதே போல் ஓட்டெடுத்தபோது ஜனங்கள், தலைவர் இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜனங்கள் கையில் கத்தியைக் கொடுத்தால் கண்ட கழுத்தையெல்லாம் வெட்டுவார்கள் என்று பயமுறுத்துகின்ற யோக்கியர்கள் இதற்கு என்ன சொல்லுகின்றார்கள்? அரியானாவில் 2020ல் கிராமப் பஞ்சாயத்துக்கும் இது வந்தது. அங்கே கவுன்சிலர் தயவு தேவையில்லை. ஓட்டர்களில் மூன்றிலொரு பங்குப் பேர் எழுதிக் கொடுத்தால் இரகசிய ஓட்டெடுப்பு, மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றால் தலைவர் போக வேண்டியதுதான் என்று சட்டம் செய்தார்கள்.

வெளிநாடுகளில் இது நூறு வருஷத்துப் பழசு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தார் 1903ல் இந்தப் பாத்தியத்தைத் தங்கள் நகரச் சட்டத்தில் எழுதிக்கொண்டு, மறு வருஷமே ஒரு கவுன்சிலரை இறக்கினார்கள். அவர் செய்த காரியம் என்ன? நகரசபை அச்சு வேலையை அதிக விலை கேட்ட ஒரு பத்திரிகைக்காரருக்குக் கொடுக்க உடந்தையாயிருந்தார் என்பதுதான். நம்மூர் யோக்கியதைப்படி பார்த்தால் இது ஒரு குற்றமா என்று கூட நம்மவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பட்டணத்துக்கு அடுத்தாற்போல் பெல் என்று ஒரு சிற்றூர் இருக்கின்றது. பெரும்பாலும் பிழைக்க வந்த ஏழைக் கூலிகளின் ஊர். ஏறக்குறைய நம் ஓசூர்ப் புறத்துக் குடியிருப்புகளைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வூர் நகரசபை நிர்வாக அதிகாரி தமக்கு வருஷத்துக்குச் சுமார் எட்டு லட்சம் டாலர் சம்பளம் எழுதிக்கொண்டார். பகுதி நேர வேலைக்காரர்களாகிய கவுன்சிலர்கள் ஆளுக்கு லட்சம் டாலர் அளவில் எடுத்துக்கொண்டார்கள். 2010ல் ஒரு பத்திரிகை இதை வெளியிட்டது. கூலிகளும் தோட்டக்காரர்களும் வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கி, 2011 மார்ச்சில் மேயரையும் மற்றவர்களையும் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். நிர்வாக அதிகாரிக்கு 2014ல் பன்னிரண்டு வருஷ ஜெயில் கிடைத்தது. ஜப்பானில் அகுனே என்ற கடற்கரை ஊரில், சபையைக் கூட்டாமலே தன் இஷ்டத்துக்கு உத்தரவு போட்டுக் கொண்டிருந்த மேயரை 2010 டிசம்பரில் ஜனங்கள் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் இறக்கினார்கள். அங்கே மூன்றிலொரு பங்கு ஓட்டர்கள் கையெழுத்திட்டால் ஓட்டெடுப்பு நடந்தே ஆக வேண்டும் என்பது 1947ம் வருஷத்துச் சட்டம். கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த ஊர்களிலெல்லாம் கையெழுத்து ஓட்டர்களுடையது. மத்தியப் பிரதேசத்திலோ கதவு ஊராருக்குத் திறந்திருந்தாலும் சாவி கவுன்சிலர் மடியில் இருந்தது. நாம் கேட்பது சாவியையும் சேர்த்துத்தான்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளில் பெரும்பாலானவை பதில் சொல்லவும் லாயக்கற்றவை. ஜனங்களுக்கு அறிவில்லை என்கின்றார்கள். எலக்ஷன் காலத்தில் கும்பிடு போடும்போது அந்த ஜனங்களையே தெய்வம் என்று சொன்னவர்கள் யார்? ஏற்றுகின்றபோது தெய்வமாயிருந்தவன் இறக்குகின்றபோது மடையனாகி விடுகின்றானா? செலவு அதிகம் என்கின்றார்கள். ஒரு பட்டணத்தில் ஒரு நாள் ஓட்டெடுக்கும் செலவு, தொட்டி கட்டாமலே கட்டியதாக எழுதிய ஒரு பில்லுக்குக் காணாது. நிலையான ஆட்சி கெடும் என்கின்றார்கள். சாக்கடை நிலையாக நின்றால் கொசுதான் பெருகும்.

ஆனால் ஒரே ஒரு ஆட்சேபணை இருக்கின்றது. அதை நம் எதிரிகள் யாரும் சொல்லுகின்றதில்லை. நாமேதான் சொல்ல வேண்டியதாயிருக்கின்றது. அது யாதெனில், இந்த நாட்டில் "ஊர்" என்று சொன்னால் அது ஊர் அல்ல, ஜாதி என்பதாகும். ஊர்த் தெருவுக்கு ஒரு பேர், சேரிக்கு ஒரு பேர் வைத்து நடுவில் ஒரு வாய்க்காலையோ சுவரையோ வைத்திருக்கின்ற தேசத்தில், "ஊரார் சேர்ந்து இறக்கினார்கள்" என்றால் யார் யாரை இறக்கினார்கள் என்று விசாரிக்காமல் கை தட்டக் கூடாது.

மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டகச்சியேந்தல் என்ற நான்கு பஞ்சாயத்துகளின் கதையைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996ல் அவை தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. மேல் ஜாதியார், எங்களை ஆளுவதற்கு ஒரு சேரிக்காரனா என்றார்கள். மனுப் போட ஆளில்லாமல் செய்தார்கள். போட்டவன் ஜெயித்தால் ஜெயித்த சூட்டோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006 அக்டோபர் வரையில் பத்து வருஷ காலம் இந்த நாடகம் நடந்தது. இதுவும் ஒரு விதத் திருப்பி அழைத்தல்தானே! இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை, கையெழுத்து தேவைப்படவில்லை, ஓட்டுச் சீட்டும் தேவைப்படவில்லை. ராஜினாமா செய்ய மறுத்தவர்களின் கதியை மேலவளவு சொல்லும். அங்கே பிரசிடெண்டாக வந்த தோழர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30ந் தேதி பட்டப் பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2020ல் கடலூர் ஜில்லா தெற்குத் திட்டையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் பிரசிடெண்டைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அங்கே நாற்காலி காலியாகவே இருந்தது. எந்த ஓட்டெடுப்பும் நடக்கவில்லை.

அன்றியும், பஞ்சாயத்துப் பதவியையே ஏலம் போடுகின்ற யோக்கியர்கள் இருக்கின்றார்கள். 2019 டிசம்பரில் பண்ருட்டிப் பக்கம் நடுக்குப்பத்தில் பிரசிடெண்டுப் பதவி ஐம்பது லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஏலப் பணம் எங்கே போகும் என்றால் சாமிக் கோவிலுக்குப் போகும் என்பது இத்தகைய ஊர்களில் வழக்கமான பதில். சாமி பேரைச் சொல்லிவிட்டால் களவும் கைங்கரியமாகி விடுகின்றதல்லவா? ஐம்பது லட்சம் கொடுத்து ஏறினவனை எந்தத் தர்மகர்த்தா இறங்கச் சொல்லுவான்? அவன் போட்ட முதலை எடுக்கும் வரையில் சாமியே வந்து சொன்னாலும் இறங்கமாட்டான்.

ஆகவே திருப்பி அழைக்கும் பாத்தியத்தை ஆலமரத்தடிக் கூட்டத்தில் கை தூக்குகின்ற மாதிரியில் கொடுப்பதானால், அப்படிப்பட்ட சட்டம் வராமலிருப்பதே மேல் என்று தைரியமாகச் சொல்லுவோம். கை தூக்கச் சொன்னால் பண்ணையாள் யார் கையைப் பார்த்துக் கை தூக்குவான்? பண்ணையார் கையைப் பார்த்துத்தான். ஓட்டு இரகசியமாயிருக்க வேண்டும். கையெழுத்தை ஊர் நாட்டாண்மை வீட்டுத் திண்ணையில் வாங்காமல், கையெழுத்திடுகின்றவன் அதிகாரி முன்னால் தனியாக வந்து இட வேண்டும். இன்ன குற்றத்துக்காக என்று எழுத வேண்டும்; "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது குற்றமாகாது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய நாற்காலியானால், அவ்வூரில் உள்ள தாழ்த்தப்பட்ட ஓட்டர்களில் பாதிப் பேராவது கையெழுத்திட்டாலொழிய மனுவைத் தொடவே கூடாது. பெண்களுக்கு ஒதுக்கியதானால் பெண் ஓட்டர்களில் பாதிப் பேர் வேண்டும். பெண்களுக்குப் பாதி ஸ்தானம் என்று 2016ல் நம் ராஜ்யத்தில் சட்டம் வந்தும், ஊரில் விசாரித்தால் "பிரசிடெண்டு வீட்டுக்காரர்" என்று ஒருவர் வெள்ளை வேஷ்டியோடு கணக்குப் பார்க்கின்றார். அவர் செய்த களவுக்காக அந்த அம்மாளை இறக்குவது நியாயமா என்று யோசித்துப் பார்க்கட்டும். அவரை இறக்க எந்தப் படம் போட்டு ஓட்டெடுப்பது என்பது நமக்கே விளங்கவில்லை.

இவ்வளவு நிபந்தனை போட்டால் ஒருவரையும் இறக்க முடியாதே என்று உத்தனப்பள்ளித் தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். முடியும். பெல் ஊராருக்கு முடிந்தது. களவு நிஜமாயிருந்தால் தண்ணீர் வராத குழாய் ஊரிலும் இருக்கும், சேரியிலும் இருக்கும்; இரண்டு தெருவாரும் கையெழுத்திடுவார்கள். ஒரு தெருவார் மாத்திரம் கையெழுத்திட்டால் அங்கே களவு இல்லை, வேறு சங்கதி இருக்கின்றது என்று அர்த்தம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகின்ற இந்த எல்லைப்புறத்தில் பாஷை வேறாயிருந்தாலும் வறண்ட குழாய் எல்லோருக்கும் ஒரே பாஷையில்தான் பேசுகின்றது.

உத்தனப்பள்ளித் தோழர்கள் கேட்ட மற்றொரு கேள்வியே நம்மை அதிகமாக யோசிக்க வைத்தது. 2023ம் வருஷத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய பஞ்சாயத்துகளில் சிப்காட் தொழிற்பேட்டைக்காகச் சுமார் மூவாயிரம் ஏக்கர் நிலம் எடுக்கப் போகின்றார்கள் என்று விவசாயிகள் பல நாள் உட்கார்ந்து கிளர்ச்சி செய்தார்கள். தக்காளியும் கோஸும் ரோஜாவும் விளைகின்ற நிலம். அப்போது அவர்கள் பஞ்சாயத்தைப் பார்த்தார்கள். பஞ்சாயத்துக்கு அதில் என்ன அதிகாரம்? ஒன்றுமில்லை. 1997ம் வருஷத்துத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்படி எடுப்பது ராஜ்ய சர்க்கார். கிராம சபையின் சம்மதம் தேவையில்லை. அப்படியானால் பிரசிடெண்டை இறக்கி என்ன பலன், குழாய்க்குப் பொறுப்பாளியை இறக்கலாம், நிலத்துக்குப் பொறுப்பாளியை யார் இறக்குவது என்பதே அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதே. தொழிற்சாலை வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும்; ஆனால் எந்த நிலம், என்ன விலை, யாருக்கு வேலை என்று தீர்மானிக்கின்றவன் அந்த ஊரானுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2015ல் பார்லிமெண்டு மெம்பர்களையே திருப்பி அழைக்கச் சட்டம் செய்து, ஜெயிலுக்குப் போகும்படியான தீர்ப்போ, சபையிலிருந்து நீக்கி வைக்கும் தண்டனையோ ஏற்பட்ட மெம்பரைத் தொகுதி ஓட்டர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டு இறக்கலாம் என்றார்கள். 2019ல் பீட்டர்பரோ தொகுதியார் அப்படியே ஒருவரை இறக்கினார்கள். நம் சட்டசபையார் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பஞ்சாயத்துப் பிரசிடெண்டுகளை நீக்க 205வது பிரிவை எழுதினார்கள். தங்களை நீக்க ஒரு வரி எழுதினார்களா? பிரசிடெண்டுக்குக் கலெக்டர் என்கின்ற எஜமானன். சட்டசபை மெம்பருக்கு எஜமானனே இல்லை!

ஆதலால் கீழேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கிராம சபை என்பது வருஷத்தில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடவேண்டுமென்று ஏற்பாடு இருக்கின்றது. அன்று வரும் தோழர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போகாமல், 205வது பிரிவில் கலெக்டர் இருக்கின்ற இடத்தில் ஓட்டர்களை வைக்க வேண்டும் என்றும், ஒதுக்கிய நாற்காலிகளுக்கு மேலே சொன்ன காப்பு வேண்டும் என்றும், எலக்ஷன் நடத்தாமல் தனி அதிகாரியை உட்கார வைப்பதற்கு ஆறு மாதத்துக்கு மேல் இடமிருக்கக் கூடாது என்றும் தீர்மானம் எழுதி, தீர்மானப் புஸ்தகத்தில் பதிந்திருக்கின்றதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். எழுத மறுத்தால் யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்பதை நமக்கு எழுதி அனுப்பினால் ஊர்ப் பேரோடு இப்பத்திரிகையில் வெளியிடுவோம். அடுத்த தடவை சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு வருகின்றவர் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், அவர் கும்பிட்டு முடித்த பிறகு அந்தப் புஸ்தகத்தை அவர் முன்னால் விரித்து, இதற்குச் சட்டசபையில் கை தூக்குவீரா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அவர் கையெழுத்திலேயே வாங்கிக் கொள்ளட்டும். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கின்றேன் என்பார். கற்பூரம் வேண்டாம், பேனா போதும் என்று சொல்லுங்கள்.